ஐந்து தசம் மூன்று

தொண்ணூற்றொன்றாம் ஆண்டுப் பிக்கப்.
என்னைவிட இரண்டு வயது இளையது,
துரு மட்டும் மூத்தது.

போன ஜூலையில் மினடோசா ஏற்றத்தில்
கொத்துரொட்டி ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு
நாற்பதுக்கு இறங்கி, முப்பதுக்கு இறங்கி,
பின்னால் பதினேழு வண்டிகள்.
ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

"எஞ்சினை மாத்துவம்" என்றான் கௌரிபாலன், அன்றிரவே.
பிராண்டனில் எங்களை அறிந்த நாலு குடும்பமும்
ஒரே வசனம் சொன்னது:
"இந்தக் காசுக்குப் புதுசே எடுக்கலாமே."
எடுக்கலாம்.
எடுக்கவில்லை.

வி எட்டு. ஐந்து தசம் மூன்று லீட்டர்.
மானில் மோதி நொறுங்கிய ஒரு வானிலிருந்து வந்தது;
ஆல்டர்னேட்டர் இடுக்கில் மான்மயிர் இன்னும் இருந்தது.
சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

இரும்பு அவனுக்கு, வயர் எனக்கு.
அவன் தாங்கிகளை அறுத்தான், ஒட்டினான், மீண்டும் அறுத்தான்;
எண்ணெய்த் தட்டு குறுக்குச் சட்டத்தில் இடிக்க
அதிலும் ஒரு துண்டை வெட்டினான்.
இறக்கி வைத்ததும் முன் ஸ்பிரிங் குந்தியது.
விழுந்த சில்லறையைத் தேடுவதுபோல்
தரையைப் பார்த்து நின்றது வண்டி.

நான் சாப்பாட்டு மேசையில்
நூற்றிச் சொச்சம் வயர்களைப் பரப்பினேன்.
பின்கதவு விளக்குக்குப் போனது வேண்டாம்.
மூன்றாம் வரிசைக் குளிரூட்டிக்குப் போனது வேண்டாம்.
கழற்றக் கழற்ற
ஒரு பின்னலளவு மிஞ்சியது.
"அம்மா, இது ஆற்றை தலைமயிர்?" என்றாள் சின்னவள்.

மாசி. வெளியே சைபருக்குக் கீழே இருபத்தாறு.
திறப்பைத் திருப்பினான்,
பிடித்தது!
கராஜ் சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் எல்லாம்
ஒருமிக்கப் பேசத் தொடங்கின.
ஒன்று. இரண்டு.
நின்றது.

மறுபடி. ஒன்று. இரண்டு.
நின்றது.
பெற்றோல் இருக்கிறது, தீப்பொறி இருக்கிறது, காற்று இருக்கிறது.
காய்ச்சல் பார்க்கிறவன்போல்
அதன் தலையில் கைவைத்து நின்றான் பாலன்.

சாமம் இரண்டு மணிக்கு எனக்குப் பிடிபட்டது:
எஞ்சினோடு வந்த கணினிப் பெட்டி
பழைய வானின் திறப்பைக் கேட்கிறது.
இரண்டு நொடி பொறுத்துப் பார்க்கிறது.
பதில் வராவிட்டால்
தன்னைக் களவெடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி
மூச்சை நிறுத்திக்கொள்கிறது.

பெட்டியைக் கழற்றித் துவாயில் சுற்றி
வினிபெக்குக்குத் தபாலில் அனுப்பினோம்.
அந்தக் கேள்வியை அழிக்க எண்பது டொலர்.
மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று
துண்டுக் கடதாசியில் எழுதி வைத்தேன்:
ஓடிய மணித்தியாலம், சும்மா நின்ற மணித்தியாலம்,
மானுக்கு முந்திய கடைசி வேகம்,
அப்படி ஏதும் இருந்தால்.

பழைய எஞ்சின் ஒரு டயரின்மேல் கிடந்தது.
கோஸ்டிஷின் வந்தார்,
தோட்டக் குட்டையில் நீர் இறைக்க வேண்டுமாம்.
நூற்றைம்பதை எண்ணினார்.
"ஏற்றம் ஏறாது" என்றான் பாலன், மனச்சாட்சிக்காக.
"என் நிலத்தில் ஏற்றமே இல்லை" என்றார் அவர்.

மீண்டும் ஜூலை.
வெங்காயம் இரண்டு மூட்டை, காஸ் சிலிண்டர், சின்னவள்.
ஒரே ஒரு வயர்தான் நான் இன்னும் சேர்க்காதது,
வேகமுள்ளுக்குப் போவது.

பள்ளத்தாக்கின் அடியில் மிதித்தான்.
இருக்கை முதுகைத் தள்ளியது,
ட்ரெயிலருக்குள் கொத்துத் தகடுகள் தாமாகவே கொத்தின,
பெற்றோல் முள் கண்ணெதிரே சாய்ந்தது.
இருவரும் அதைக் காணாததுபோல் இருந்தோம்.

"எவ்வளவில போறம்?" என்றான்.
எட்டிப் பார்த்தேன்.

மணிக்குப் பூச்சியம் கிலோமீட்டர் வேகத்தில்
மினடோசா ஏற்றத்தை
ஏறிக் கடந்தோம்.