திரைச்சீலை பற்றிய முறைப்பாடு

ஞாயிறு பின்னேரம் கடைசிச் செஸ்னாவும்
அத்திடியச் சதுப்புக்கு மேலாகச் சாய்ந்து போய்விட்டது.
கொக்குகள் திரும்பி வந்து இருந்துவிட்டன.
எனக்கு மிஞ்சியது நாற்பத்திரண்டு ஈரத் துவாய்களும்
முப்பத்தொரு கருத்துத் தாள்களும்.
சிலவற்றில் தேநீர்க் கோப்பையின் வட்டம்.

"ஒரே பக்கத்துக்குள் சுருக்கு" என்றார் அமுணுகம மாத்தையா.
"நாளைக்கு வங்கிக்காரர் வருகிறார்.
பிழைகளைக் கொஞ்சம் மெல்லிய எழுத்தில் போடு."

கொச்சியிலிருந்து வந்த கப்டன் ஷீபா தரகன்
மெல்லிய எழுத்தில் எழுதுகிற ஆள் இல்லை:
*விமானத்தைக் கட்டிவைக்க நீங்கள் தந்தது கொடிக்கயிறு.
அதில் சட்டை காயப்போடலாம்.
சோளகம் ஒரு தரம் உதறினால்
என் பிளேன் காலி வீதியில் போய்
பாணந்துறை பஸ்ஸுக்கு நிற்கும்.*

மாலேக்காரர் நஷீஹ் இரண்டு வரி:
*காலைச் சாப்பாடு ஏழரைக்கு.
அந்நேரம் நான் கடலுக்கு மேலே, உங்கள் இடியப்பம் தரையிலே.*

ஒருவர் காகம் ஒன்றை வரைந்திருக்கிறார், நல்ல கைவண்ணம்.
கீழே: *இவர் என் இடப்பக்க இறக்கையில் குடியேறிவிட்டார்.
வாடகையை யாரிடம் கேட்பது?*

கோயம்புத்தூர்த் தம்பதி ஒரே தாளில் எழுதியவர்கள்.
கணவர்: மின்விசிறி இரைகிறது.
அதற்குக் கீழே வேறு மையில்: விசிறி இல்லை, அவர்தான்.

பதினொரு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்:
சாப்பாட்டு மண்டபத்து ஜன்னல்கள் எல்லாம்
ஏன் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கின்றன?
முதுகுக்குப் பின்னால் ஓடுபாதை,
ஒவ்வொரு இரைச்சலுக்கும் கரண்டியோடு திரும்பி
கழுத்துச் சுளுக்கியதுதான் மிச்சம்.
சுவரை இடிக்கக் காசு இல்லை, எனக்குத் தெரியும்.
கதிரைகளைத் திருப்பிப் போட்டு
பின்சுவரின் மரக்கதவைக் கழற்றினாலே போதும்.
அதையும் எழுதினேன். றிஸ்மியா கூட்டல் பார்த்தாள்.

பிறகு பதினொராம் அறை.
*திரைச்சீலை மூடவில்லை.
இரவில் இறங்கும் விளக்கு முகத்திலேயே விழுகிறது.*

இந்தத் தாள் புதிது இல்லை.
போன வருடமும் வந்தது, அதற்கு முந்தியும்.
இரண்டு தரமும் சுருக்கத்தில் நான் அதைச் சேர்க்கவில்லை.
நான்கு கொளுக்கிகள் என் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடக்கின்றன,
ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

இதே ஓடுபாதையால் நானும் ஒரு தரம் போனேன்.
பத்தொன்பது வயது. அப்பாவின் செத்த வீடு.
பலாலி நெருங்க ஒருவர் நடைபாதையில் வந்து
எல்லா ஜன்னல்களையும் மூடச் சொன்னார்.
மூடினோம்.
ஊர் எந்தப் பக்கம் சரிந்தது,
கடல் எப்போது முடிந்தது,
பனைகள் எந்தளவு நின்றன எந்தளவு இல்லை
ஒன்றும் தெரியாது. சக்கரம் நிலத்தில் முட்டியதை
வயிற்றால்தான் அறிந்தேன்.
பக்கத்தில் இருந்தவர் விபூதிப் பையைப் பிடித்துக்கொண்டு
வந்தாச்சா, வந்தாச்சா என்று
என்னிடம் கேட்டார், நான் ஏதோ கண்டவள் மாதிரி.

அதனால் இந்த விடுதியில் ஒரு ஜன்னலாவது
மூட முடியாமல் கிடக்கட்டும் என்று நினைத்தேன்போல.
நினைத்தேனா? தையல் நேரம் கிடைக்கவில்லை என்றுதான்
எனக்கே சொல்லிவைத்திருந்தேன்.

ஆனால் இந்தத் தாளை எழுதியவர்
ஒன்பது மணித்தியாலம் தனியாகப் பறந்து வந்தவர்.
அவருக்கு நித்திரை வேண்டும். என் பலாலி
அவருடைய கண்ணில் ஏன் அடிக்கவேண்டும்?

இரவு பத்துக்கு முக்காலியோடு போனேன்.
கொளுக்கி நான்கும் ஏறின.
இழுத்தேன், மூடியது. இருட்டு.
திரும்ப இழுத்தேன். நீல விளக்குகள் வரிசையாய்,
காற்றுப்பை தொங்கிக்கொண்டு, தூரத்தில் காவல்காரனின் டோர்ச்.

ஒரு பக்கச் சுருக்கத்தின் கடைசி வரி, மெல்லிய எழுத்தில் இல்லை:
*அறை 11. திரைச்சீலை இப்போது மூடும், திறக்கும்.
இழுக்கிற கயிறு கட்டில் பக்கம்,
படுத்திருப்பவரின் கைக்கு எட்டும்.*