வந்திருந்தோர்

ஆணை வந்தது ஒரு புதன்கிழமை,
பழுப்பு உறையில், பசை காயாமல்.
வருகைப்பதிவு விதித் திருத்தக் குழுவில்
என்னை நியமிப்பதில்
பல்கலைக்கழகம் மகிழ்ச்சி அடைகிறதாம்.
யார் என் பெயரைச் சொன்னது என்று
தேவசகாயத்திடம் கேட்டேன்.
"போன குழுவுல இருந்த மேடம் ரிட்டயர்டு.
அதே ஃபைல்ல பேரை மட்டும் மாத்தினோம்" என்றார்
ஸ்டேப்ளருக்குப் பின் போட்டபடி.

பட்டியலில் ஏழு இடங்கள்.
ஆட்சிக்குழு அனுப்பிய மூவர்.
பதிவாளர் என்பதாலேயே பதிவாளர்.
விமானக் கட்டணத்தோடு வெளியூர்க் கல்வியாளர் ஒருவர்.
ஆசிரியர் தரப்புக்கு நான்.
ஏழாவது, மாணவர் பிரதிநிதி:
பின்னர் அறிவிக்கப்படும்.
மூன்று குழுக்களாக அந்தப் 'பின்னர்'தான்
நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கும் சேர்த்தே தேநீர் வைக்கிறார்கள்.

கூட்டம் ஒன்பது மணிக்கு, தண்டையார்பேட்டை வளாகத்தில்.
எட்டு நாற்பதுக்கு
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறது என் ஸ்கூட்டர்.
எண்ணெய் டேங்கர்கள்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
அப்புறம் ரயிலே நின்றுவிட்டது.
ஹாரன் அடித்து ஓய்ந்த மீன் வண்டிக்காரர்
ஐஸ் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்களும் லேட்டா?"
ஜெனிட்டா. பி.காம். இரண்டாம் ஆண்டு.
போன பருவத்தில் அவளுக்கு
அறுபத்தெட்டு சதவீதம் போட்ட கை என்னுடையது.
"மீட்டிங்" என்றேன்.
"எதைப் பத்தி?"
"லேட்டா வர்றவங்களைப் பத்தி."
அவள் சிரித்த சிரிப்பில்
முன்னால் நின்ற ஆட்டோக்காரரும் திரும்பினார்.
இரண்டு டேங்கர்களுக்கு நடுவில்
பையை முதலில் தள்ளிவிட்டு
கொக்கிக்கு அடியில் புகுந்தாள்.
"வாங்க மேடம், குனிஞ்சா போதும்."
நான் குனியவில்லை.
கையில் கோப்பு. புடவை. உயிர்ப்பயம்.
இன்னும் ஏதோ ஒன்று, பெயர் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பது இருபத்திரண்டுக்கு உள்ளே போனேன்.
கோப்பைகளின் அடியில் சக்கை.
"பரவாயில்லைம்மா, டிராஃபிக்" என்றார்
குழுத் தலைவர் அறவாழி.
"உங்க கருத்தையும் சேர்த்துக்கிட்டோம்."
முதல் மணிக்குப் பின் ஐந்து நிமிடம் தாண்டினால்
அன்று முழுவதும் வராதவர்.
தீர்மானம் நான்கு.

கூட்டக் குறிப்பு வெள்ளியன்று வந்தது.
வந்திருந்தோர் வரிசையில் ஆறாவதாக என் பெயர்.
கீழே, ஒருமனதாக ஏற்கப்பட்டது.
எந்த ஒருவரின் மனது என்று எழுதவில்லை.

"என்னை வராதோர்ல போடுங்க" என்றேன்.
தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார்.
"அமர்வுப்படி வராது."
"தெரியும்."
"வந்தவங்கன்னா கையெழுத்து.
வராதவங்கன்னா விடுப்புக் கடிதம்.
ரெண்டுக்கும் நடுவுல காலம் இல்லையே மேடம்."
கட்டம் என்ற பொருளில்தான் சொன்னார்.
அப்படித்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடாமலே வந்துவிட்டேன்.
பெரிய வீரம் இல்லை.
அடுத்த நாளும் அதே கேட்டில் நின்றேன்.

ஜெனிட்டா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருந்தாள்.
அட்டையில் பெயர்: கேட். வகுப்பு: கொருக்குப்பேட்டை.
உள்ளே தேதி, மூடிய நேரம், திறந்த நேரம்.
பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை பார்க்கும் கௌஸ்
சனிக்கிழமைகளுக்குப் பொறுப்பு.
எட்டு முப்பத்தாறு, ஒன்பது பத்து.
எட்டு நாற்பத்தொன்று, ஒன்பது ஐந்து.
பதினேழு நாள். நான்கு கையெழுத்து வகை.
ஒரு பக்கத்தில் மீன் தண்ணீர்க் கறை.

அதை இணைப்பு ஒன்று என்று போட்டு
தீர்மானம் நான்கை மறுபடி எடுக்கக் கேட்டு எழுதினேன்.
ஏழாவது இடத்துக்கு யாரை அழைப்பது என்பதை
அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றும்,
அடுத்த கூட்டத்தை
கேட்டுக்கு இந்தப் பக்கம் வைக்கலாம் என்றும்.

தேவசகாயம் நோட்டைப் புரட்டினார்.
ஒரு பக்கத்தில் விரல் நின்றது.
"ஆறாம் தேதி நானும் மாட்டினேன்.
ஒன்பது பன்னெண்டுக்குத்தான் தொறந்தான்.
தப்பா எழுதியிருக்காங்க."
பேனாவை எடுத்துத் திருத்தி
பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.