மாதத்துக்கு ஒரு குடம்

கொடுங்கையூரில் எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர்
விடிகாலை நாலரைக்கு வரும்,
ஐந்தே முக்காலுக்குள் நின்றுவிடும்.
ஆறு வீடு. வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
சண்டை போதும் என்று
தை மாதம் நான்தான் ஒரு கடிகாரம் செய்தேன்:
தீப்பெட்டி அளவில் மைக்ரோகன்ட்ரோலர்,
ஆறு ரிலே, ஆறு வால்வு,
அரிசிமணி போல ஒரு குவார்ட்ஸ்.
நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்து
எழுநூற்று அறுபத்தெட்டு முறை
நடுங்குவது மட்டும்தான் அதன் வேலை.
மொட்டைமாடித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
சாவி என்னிடம். நல்ல பெயரும் என்னிடம்.

பங்குனி வரைக்கும்.

ஆறாம் வீட்டு அமலோற்பவம் அக்கா
ஞாயிறு பூசைக்குப் போகிற புடவையில்
கதவைத் தட்டினார்.
"உன் மிஷினு மாசத்துக்கு ஒரு குடம் குடிக்குதும்மா."

சிரித்தேன். பிறகு மாடியேறி
கைப்பேசியை அதன் பக்கத்தில் பிடித்தேன்.
ஒரு நிமிடம் மூன்று வினாடி பின்னால் இருந்தது.
தாமதமாய்த் திறந்து தாமதமாய் மூடுவதில்
முதல் ஐந்து வீட்டுக்கும் குறை தெரியவில்லை.
வரிசையின் கடைசியில் நிற்பவருக்குத்தான்
குழாய் முதலில் இருமுகிறது.

இருபத்தைந்து டிகிரியில் சரியாக நடுங்குமாம் குவார்ட்ஸ்.
சூடு ஏறினாலும் சுணங்கும், இறங்கினாலும் சுணங்கும்.
இருபத்தைந்து டிகிரி இந்த ஊருக்கு
மார்கழியில் தலைகாட்டும் தூரத்து உறவு.
தகரப் பெட்டிக்குள் மதியம் ஐம்பத்தெட்டு.

ரிச்சி தெருவுக்குப் போனேன்.
வெப்பத்தை அளந்து தன்னைத் தானே
திருத்திக்கொள்ளும் சில்லு, நூற்றுப் பத்து ரூபாய்.
"ஒரிஜினலா?"
"ஓடும்க்கா."
ஓடியது. இந்த முறை முன்னால்.
முதல் வீட்டு ஜக்கரியாவுக்கு
வால்வு திறந்தும் தண்ணீர் வராத ஒன்றரை நிமிடம்.
அவர் குடத்தில் அளக்கவில்லை,
என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

பெட்டியைக் கழற்றி
மாடிப்படிக்கு அடியில், சம்ப் மூடியின் ஓரம்
பழைய குவார்ட்ஸோடு மாட்டினேன்.
அங்கே இரவும் பகலும் முப்பதை ஒட்டி.
மீதியைக் கணக்கில் தீர்த்தேன்:
சூட்டில் இருபத்தைந்தைக் கழித்து,
வந்ததை அதனாலேயே பெருக்கி,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
வினாடியின் பொடியைக் கிள்ளிச் சேர்க்கும் நாலு வரி.
எழுத ஒரு மணி நேரம்,
கழித்தலும் கூட்டலும் மாறிப்போனதைக் கண்டுபிடிக்க
மூன்று ராத்திரி.

முப்பது நாள் பார்த்தேன்.
பிழை மூன்று வினாடி.
அக்கா கணக்கில் ஒரு சொம்பு. போகட்டும் என்றார்.

கத்திரி முடியப் போகிற வாரம்
நாலரைக்கு, ஒரு வினாடி பிசகாமல்,
முதல் ரிலே டிக் என்றது.
வால்வு திறந்தது.
குழாய்க்குள் காற்று.
நாலு நாற்பத்திரண்டுக்கு டிக். இரண்டாம் வீட்டுக்குக் காற்று.
படியில் எல்லோரும் நின்றிருந்தோம்,
ஆறு வீட்டுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடம்
சரியாகப் பங்கு போட்டு முடியும் வரை.

அமலோற்பவம் அக்கா குடத்தைக் கவிழ்த்துவிட்டு
படியிலேயே உட்கார்ந்தார்.
"டயம் கரெக்டா இருக்கு" என்றார்.
பாராட்டா என்று நான் கேட்கவில்லை.
லாரிக்குப் போன் போட்டேன்.
எத்தனை மணிக்கு வரும் என்றதற்கு
வரும் என்றார்கள்.