இரண்டு கிலோ நூறு

குளியலறைத் தராசில் லேலோவை நிறுத்தினேன்.
இருபத்தொரு கிலோ, இடது காலுறையோடு.
பத்தில் ஒரு பங்குதான் பிள்ளை முதுகில் ஏறலாமாம்.
இரண்டு கிலோ நூறு.
"நூறு எதுக்கு?" என்றாள்.
"வச்சுக்கோ" என்றேன்.

சமையல் மேடையில் வரைபடம்.
ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு
நூல் வைத்து அளக்கிறேன்:
பஸ் நிறுத்தத்திலிருந்து கூடாரம் போடுமிடம் வரை
நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு,
முழுக்கச் சதுப்பின்மேல் போட்ட பலகைப் பாதை.
ஏற்றம் இல்லை. எஸ்தோனியாவில் ஏற்றத்தைத்
தேடித்தான் போக வேண்டும்.
ஆறு மணிக்குத் தார்த்துவுக்குக் கடைசி பஸ்.
மழை வலுத்தாலும் அவள் அழுதாலும் திரும்பிவிடலாம்.
நான் அழுதால்
அவளைத்தான் கேட்க வேண்டும்.

அவள் கவலைகள் வேறு.
கழிப்பறைக்குக் கதவு உண்டா.
இரவே வராத ஜூனில் டார்ச் எதற்கு.
அழுகண்ணிச் செடி கொசுவைத் தின்னும் என்றாயே,
ஒரு நாளைக்கு எத்தனை?
நம் கூடாரத்தைச் சுற்றி எத்தனை செடி இருந்தால் போதும்?

கம்பளிச் சட்டை முந்நூற்றுப் பத்து கிராம்.
தண்ணீர் பாட்டில், நிரப்பி, அறுநூறு.
விசில், டூத்பிரஷ், உலர்ந்த ஆப்பிள், ரெயின்கோட்
என்று மாவு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாய் ஏற்றி
கிரேயானால் எண்களைக் கோணலாக எழுதிக்கொண்டே வந்தவள்
திடீரென்று கீழே ஓடி
மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு கருங்கல்லோடு வந்தாள்.
எண்ணூற்று நாற்பது.

"அங்கே கல்லே கிடையாது லேலோ, பாசிதான்."
"அதனாலதான்."

வாதாட வாயெடுத்தபோது
கதவோரம் சாய்ந்திருந்த என் பை கண்ணில் பட்டது.
இரண்டாவது பாத்திரம். மூன்றாவது பாத்திரம்.
புயலுக்கென்று கூடுதல் கயிறு,
புயலே வராவிட்டால் படிக்க ஒரு தடித்த நாவல்.
யாரோ ஒருவர் காணாமல் போவதற்கான
எல்லா ஏற்பாடும்.

நாவலை அலமாரியில் திருப்பி வைத்தேன்.
ஒரு பாத்திரம் போதும்: இரவில் சூப், காலையில் ஓட்ஸ்,
நடுவில் ரொட்டியால் துடைத்துத் தின்றுகொள்ளலாம்.
காலியான இடத்தில் அவள் கம்பளி, ரெயின்கோட், தண்ணீர்.
கல்லை அவளே சுமப்பாள்.

கூட்டிப் பார்த்தாள், விரல் விட்டு, இரண்டு முறை.
ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம்.
இன்னும் ஒரு கரடி பொம்மை வைக்கலாமே என்றேன்.
"வேணாம்" என்றாள்,
"திரும்பி வரும்போது வேணும்."

ஜன்னலில் இரவு பத்து மணி வெயில்.
பஸ் காலை எட்டு இருபதுக்கு.
வலது காலுறையைத்தான்
இன்னும் காணோம்.