அரைப்பேர்

பூ விரிவதற்கு முந்தின சாயங்காலம்
இடுக்கியால் அதன் மஞ்சள் கூம்பை உரித்தெடுக்க வேண்டும்.
கை நடுங்கினால் சூல்முடி ஒடிந்துபோகும்.
ஒரு நாளைக்கு நாற்பது பூ.
மறுநாள் காலையில் வேறொரு செடியின் மகரந்தம்,
சிவப்பு நூல், அட்டை,
அட்டையில் தாய் இன்னது, தகப்பன் இன்னது.
பென்சிலால்தான். பண்டாரவளை மழைக்குப்
பேனா மை நிற்காது என்று
நிலூஷா மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்.

இருபத்துநாலு வகை.
மாத்தளையில் யாருடைய வேலியிலோ தானாக முளைத்த
நெல்லிக்காய் அளவுப் பழத்திலிருந்து
வெள்ளி உறைக்குள் விமானத்தில் வந்தது வரை.
ஒன்று முழங்காலுக்கு மேல் வளராது.
ஒன்றுக்குக் கொம்பு கட்டிக் கட்டி
எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.
பதினோராம் வகை பிந்திப் பூக்கும்.
பூத்தால் விடாது.

எண்ணுகிறேன்.
கொத்துக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை கிராம்,
குறுக்கே வெட்டினால் உள்ளே எத்தனை அறை.
காய் கூடினால் கனம் குறைகிறது,
கனம் கூடினால் காய் குறைகிறது.
இரண்டும் கூடிய ஒரு செடிக்காக
நாலு வருஷமாக இந்தச் சரிவில் குனிந்து நிற்கிறோம்.

ஆறாவது பறிப்பு முடிந்து கூட்டிப் பார்த்தேன்.
பதினேழாம் வகை, ஐந்து செடி,
பதினெட்டு கிலோ.

பதினெட்டு எனக்குத் தெரிந்த எண்.
பதினெட்டு எடுத்தால் அம்மாவுக்கு முழுப்பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
அதிலும் ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று
நிறுவையிலேயே கழித்துவிடுவார்கள்.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
மிஸ் பார்த்தார். சிரிக்கவில்லை.
"சுகந்தமாலா, இது எங்க நிக்கிற செடி?"
அடிப் பாத்தி. மேலே போடுகிற உரமெல்லாம்
மழையோடு இறங்கி வந்து தேங்குகிற கானோரம்.
"மத்த ரெண்டு இடத்திலயும் பதினேழு எவ்வளவு?"
நடுவில் பதினொன்று.
மேலே, கல்லுப் பக்கம், ஒன்பதரை.
"மண் பொய் சொல்லும். அதுக்குத்தான் மூணு இடம்."
தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்,
அரைகுறைத் தமிழில்,
வேறெதுவும் சொல்லாதது போல.

நான் கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன்.

எட்டாம் நம்பர் மலை, மேற்பக்கம்.
வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை,
ஒரு செடி போல இன்னொன்று இல்லை,
ஒன்று துளிர்க்கும்போது பக்கத்தது வங்கி கிடக்கும்.
இடையில் பாறை, அட்டை, செத்த வேர்.
அம்மாவுக்கு அந்த நெரைதான்.
கீழே வீ.பீ. தேயிலை, ஒரே கன்றின் கிளைகள்,
மேசை போல மட்டம்.
அங்கே நின்றவர்களுக்குப் பதினொரு மணிக்கே கூடை நிறையும்.
இருபத்தாறு வருஷம்.
ஒருதரமாவது இடம் மாற்றி நிறுத்தி,
மூன்று மலையில் எடுத்ததைக் கூட்டி மூன்றால் வகுத்து,
யாரும் பார்க்கவில்லை.
மலையின் கணக்கை அவள் பேரில் எழுதினார்கள்.
கை மெத்தனம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும்.

கணினி அன்று மாலை முடிவு தந்தது.
வித்தின் பங்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று.
மிச்சம் மண், மழை, காற்று,
ஒருவேளை நான் இழுத்துக் கட்டிய சணல்.
பதினேழின் சராசரி பன்னிரண்டு தசம் எட்டு.
பதினொன்று, அந்த மந்தச் செடி,
மேலே பன்னிரண்டு தசம் ஒன்பது, நடுவில் பதின்மூன்று,
கானோரத்திலும் பதின்மூன்றரையைத் தாண்டவில்லை.
அடுத்த போகத்துக்கு அதுதான் தாய்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.
முதலில் கோழியைப் பற்றிப் பேசினாள்.
பிறகு சொன்னேன், ஐந்து செடியில்
பதினெட்டு கிலோ கண்டேன் என்று.
அவள் வியக்கவில்லை.
"எந்த நெர அது? மேலயா, கீழயா?"
"கீழ. கானோரம்."
"அப்ப சரி" என்றாள்.