காசு வாங்காத ஹயர்

ஆரையம்பதிச் சந்தியில
பதினாறு வருசமா ஆட்டோ ஓட்டுறன்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில
எந்த நோவுக்கு எந்த வாசல் கிட்ட எண்டு
நித்திரையிலயும் சொல்லுவன்.
அந்த ஒரு வாசலிலயும் ஆள் இறக்கியிருக்கன்.
இறக்கக்குள்ள முகத்தைப் பாக்கிறதில்ல,
அது ஒரு மரியாதை எண்டு நினைச்சிருந்தன்.
மிச்சக் காசைக் குடுத்திட்டுக் கிறுகிடுவன்.

இண்டைக்குப் பின்சீட்டில யதுர்ஷன்.
என்ட மகன்.

எட்டு மாசமாக் கண்ணில படாம இல்ல.
பேர்தான் பிழையா வச்சன்.
விடிய விடிய முழிச்சுக் கிடந்தான், போன் எண்டன்.
பகலெல்லாம் சுவரைப் பாத்துப் படுத்தான், பஞ்சி எண்டன்.
உயர்தரம் ரெண்டாந்தரம் எழுதமாட்டன் எண்டான்,
திமிர் எண்டன்.
அவன்ட அம்மா கண்ணூறு எண்டு மிளகாய் சுத்திப் போட்டு
கையில நூல் கட்டினா.
நூலோட படுத்தான்.
கணவாய்க் கறியெண்டால் சட்டியை வழிக்கிற பொடியன்
சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு
பூனைக்கு வச்சான்.
பூனை கொழுத்துது.
அதைப் பாத்து நாங்க சிரிச்சமும் கூட.

மறுகா நேத்து,
வெத்திலைக் கடைக்காரர்ட மகன் லதுர்சன்
சந்திக்கு வந்து தலையைச் சொறிஞ்சான்.
'மாமா, யது அவன்ட கிரிக்கெட் மட்டையை எனக்குத் தந்திட்டான்.
கிளவுஸையும் தந்திட்டான்.
இனித் தேவைப்படாது எண்டான்.
வாங்கினன். ஆனா சந்தோசமா இல்ல மாமா.'
பத்தொன்பது வயசு.
அவனுக்கு விளங்கினது எனக்கு விளங்கல்ல.
அந்த மட்டைக்கு மூண்டு தரம்
கல்முனைக்குப் போய்ப் பேரம் பேசினவன் நான்.

ராவு, வண்டியைக் கழுவுற மாதிரி
அவன்ட ஜன்னலுக்குக் கீழ நிண்டன்.
வாய் திறக்க
ரெண்டு வாளித் தண்ணி செலவாச்சு.
'மனே,
செத்திடலாம் எண்டு நினைப்பு வருதா?'
கேட்டுட்டு நாக்கைக் கடிச்சன்,
நானே சொல்லிக்குடுத்திட்டனோ எண்டு.
கனநேரம் தவளைச் சத்தம் மட்டும்.
'சிலநேரம் அப்பா' எண்டான்.
ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

அவன்ட அறைக்குள்ளயே பாய் போட்டன்.
'நுளம்பு கடிக்கும்' எண்டான்.
கடிக்கட்டும் எண்டன்.

விடியக் கிளம்பிட்டம்.
காத்தான்குடி ஈச்சமரம் தாண்டி, நாவற்குடா தாண்டி
கல்லடிப் பாலத்தில ஏறுறம்.
காத்துக்காக அதில மெதுவாப் போறவன் நான்.
இண்டைக்கு மெதுவாக்கல்ல.
கண்ணாடியைத் திருப்பி வச்சிருக்கன்,
பின்னால வாற பஸ் தெரியாது, அவன் தெரிவான்.
'விசரன் எண்டுவாங்களாப்பா?'
'எண்டுவாங்க.'
பொய் வரல்ல வாயில.
'எனக்கு முழங்கால் பிடிச்சநேரம் நொண்டி எண்டாங்க.
டொக்டரிட்டப் போனன். இப்ப கிளச் மிதிக்கல்லயா?'
'ஆட்டோவில கிளச் கையிலதானே அப்பா.'
எட்டு மாசத்தில
என்னைத் திருத்தின முதல் பிழை.

ஒன்பதாம் நம்பர்த் துண்டு.
வாங்கில ஒரு பிள்ளை, பள்ளிக்கூட வெள்ளையோட.
பக்கத்தில தாய், மடியில பையை இறுக்கிப் பிடிச்சபடி.
இந்தப் பையை எனக்குத் தெரியும்.
ரெண்டு தரம் இந்த வாசலில இறக்கியிருக்கன்.
முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்.
ஒண்டும் கேக்காமத் தள்ளிக் குந்தி
இடம் தந்தா.

டொக்டரம்மா என்னை வெளியில இருக்கச் சொன்னா.
கதவு சாத்தின பிறகு
உள்ளுக்க யாரோ அழுற சத்தம்.
எழும்பினன்.
பைக்காரி தலையை ஆட்டினா,
இரிங்க எண்டு.

ஒரு தரத்தில சரிவராதாம்.
ரெண்டு கிழமையில வரட்டாம்.
இடையில அந்த நினைப்புக் கூடினா
எந்த ராவெண்டாலும் கூட்டி வரட்டாம்.
மருந்துத் துண்டை மடிச்சு
லைசென்ஸுக்குள்ள வச்சன்.

திரும்பக்குள்ள அவன் தூங்கிட்டான்,
வாய் திறந்தபடி, குழந்தைப் பிள்ளை மாதிரி.
மேடுபள்ளம் பாத்து ஓட்டினன்.

சந்தியில கேட்டாங்க,
'என்ன அண்ணன், காலையிலயே எங்க ஹயர்?'
ஆஸ்பத்திரி எண்டன்.
மறுகா
வாசலையும் சொன்னன்.