மூன்றாம் இரவு

திங்கள் முதல் வெள்ளி வரை
தொடர்ந்து ஐந்து இரவுகள், ஒன்பது மணி,
ஒவ்வொரு இரவும் ஒரு மணி நேரம் என்று
மண்டபம் முழுக்க ஒட்டிவிட்டுப் போனார்கள்.
ஐஸ் கம்பெனிச் சுவரில், ரேஷன் கடையில்,
ஜெட்டிக்குப் போகும் வழியில் டிரான்ஸ்பார்மர் மேல்கூட
ஒரு மஞ்சள் கதவும் பாதி முகமும்.

கேபிள் இன்னாசி சொன்னார்:
இது தூண்டில்காரன் வேலைதான்.
மொத அஞ்சு நாள் வெறும் இரை.
முள்ளு ஆறாம் நாள் வரும்,
அரை மணி நேரமாக் குறைஞ்சு
பாதிக்குப் பாதி சோப்பு விளம்பரத்தோட.

சென்னையில் யாரோ உட்கார்ந்து
கணக்குப் போட்டிருப்பார்கள்.
பரீட்சை, பண்டிகை, கிரிக்கெட் எல்லாம் பார்த்துத்தான்
நாள் குறித்திருப்பார்கள்.
எங்கள் கணக்கு அவர்களிடம் இல்லை:
திங்கள் புதன் சனி விசைப்படகுக்கு,
மற்ற நாள் நாட்டுப்படகுக்கு.
கடலையே முறை வைத்துப் பங்கிட்ட ஊர்
கதையை மட்டும் எப்படி முழுசாகப் பார்க்கும்?

திங்கள் இரவுக் கல்யாணத்தை
வள்ளத்துக்காரர்கள் பார்த்தார்கள்.
செவ்வாய் இரவு தாலி தொலைந்ததை
விசைப்படகுக்காரர்கள் பார்த்தார்கள்.
டீக்கடையில் இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோது
மாப்பிள்ளைக்கே இரண்டு பெயர் வந்தது.

புதன்.
சங்கத்து வயர்லெஸ்ஸில் உட்காரும் அண்ணனுக்குக் காய்ச்சல்.
பகலில் டோக்கன் எழுதும் நானே
ராத்திரிக்கும் உட்கார்ந்தேன்.
எட்டே முக்காலுக்கு ஒருவன் கூப்பிட்டான்:
"எமரிட்டாக்கா, காத்து கெடக்கட்டும்,
இன்னைக்குக் கதவத் தொறக்குறாளான்னு
பாத்துச் சொல்லு. ஓவர்."

மேசையில் சின்ன டிவி. சரி என்றேன்.
ஒன்பது ஐந்துக்கு
அவள் சாவியை எடுக்கிறாள்,
கரண்ட் போய்விட்டது, ஊருக்கே.
வயர்லெஸ் மட்டும் பேட்டரியில்
பச்சைப் புள்ளியாக உயிரோடு இருந்தது.
பெண்கடலில் பதினேழு படகு
காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது.

கரண்ட் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
கதவைத் திறந்தேன்.

உள்ளே முதலில் மாமியாரை வைத்தேன்.
சரிப்படவில்லை, எடுத்துவிட்டேன்.
ஒரு கட்டில் போட்டேன்.
கட்டிலில், பன்னிரண்டு வருஷமாக
யாரும் தேடாத மூத்த மருமகள்.
அவள் மடியில் தொலைந்த தாலி.
அவள் பேசமாட்டாள் என்றேன்,
ஏன் அப்படிச் சொன்னேனென்று தெரியாது.
மூத்தவளும் புதியவளும்
பின்வாசல் வழியாகக் கிளம்புகிறார்கள் என்றபோது
யாரும் குறுக்கே வரவில்லை.
ஒருத்தன் மட்டும் கேட்டான்,
"பஸ்ஸுக்குக் காசு இருக்கா?"
இருக்கு என்றேன். முந்நூறு ரூபாய்.

வியாழன் இரவு டிவியில்
கதவு திறக்கவே இல்லை.
சாவி கிணற்றில் விழுந்து கிடந்தது.
தெருத்தெருவாக இன்னாசிக்குப் போன்:
கதைய மாத்திட்டானுக, பழசப் போடு.
கதவுக்குப் பின்னால் யார் என்ற போட்டிக்கு
எங்கள் ஊரிலிருந்து நூற்றுக்கு மேல் பதில்,
எல்லாம் மூத்த மருமகள்.
மிக்ஸி திண்டிவனத்துக்குப் போனது.

சனிக்கிழமை அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.
நீ தூங்கு என்றேன்.
தென்கிழக்குக் காற்று, அலை ஒன்றரை மீட்டர் என்று
வாசித்து முடிக்கவில்லை,
"அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க?"

உச்சிப்புளி தாண்டிவிட்டார்கள் என்றேன்.
ஒரு பெட்டிக்கடையில் தண்ணீர் கேட்டார்கள்.
எனக்கு அவ்வளவுதான் வந்தது.
ஓவர் என்றேன்.

"முடிஞ்சிருச்சா?"

வயர்லெஸ்ஸில் ஓவர் என்றால்
இனி உன் முறை.
அது அவர்களுக்கும் தெரியும்.
அரை நிமிஷம் வெறும் இரைச்சல்.
பிறகு, ஏழு வருஷத்தில்
"கேக்குது, கேக்குது" தவிர
ஒரு வார்த்தை பேசியிராத டிரைவர் நம்புராஜன்
தொண்டையைச் செருமிக்கொண்டு
"அந்தக் கடைக்காரன் இருக்கானே" என்று
ஆரம்பித்தார்.